பல்லாங்குழியில் அளந்த பயம்

10 ஜூன் 2024, காரைக்குடி

அறிவுசார் குறைபாடுள்ள, இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர் அப்பத்தாவுடன் வந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் தந்தையின் உயிரைப் பறித்த பேருந்து விபத்தில் அவரும் உடன் இருந்திருக்கிறார். அன்றிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டால் கையைக் கடித்துக்கொள்கிறார், இரவில் உறங்குவதில்லை. முன்பு காட்டிய இடத்தில், "இந்தப் பிள்ளைகள் இப்படித்தான்" என்று சொல்லி மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிட்டதால், விபத்துக்குப் பிறகுதான் கடிக்கத் தொடங்கினார் என்று அப்பத்தா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

17 ஜூன்

அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ 1987-இல் உருவாக்கத் தொடங்கிய இ.எம்.டி.ஆர். என்ற உளச்சிகிச்சையில், கொடிய நினைவை மனதில் கொண்டிருக்கும்போதே கண்ணை இருபுறமும் அசைக்க வைப்போம், அல்லது கைகளில் மாறி மாறித் தட்டுவோம். அதில் வேதனையின் அளவைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லச் சொல்வோம். கேட்டேன், "பத்து" என்றார். காலையில் சாப்பிட்ட இடியாப்பம் எவ்வளவு பிடித்தது என்றதற்கும் "பத்து" என்றார். பிழை என் கேள்வியில்தான். அப்பத்தாவோடு பல்லாங்குழி ஆடுவார் என்று தெரிந்ததும் பலகையைக் கொண்டுவரச் சொன்னேன். ஹாரன் சத்தத்துக்கு எவ்வளவு பயம் என்று கேட்டதும், இரு கைகளாலும் சோழிகளை அள்ளி ஒரே குழியில் கொட்டினார். அவை வழிந்து ஆத்தங்குடிக் கல் தரையில் உருண்டன.

24 ஜூன்

இன்று விபத்தைப் பற்றிப் பேசவே இல்லை. உள்ளங்கையை உயர்த்தினால் நான் நிறுத்திவிடுவேன் என்று பழக்கினேன். முதல் முறை உயர்த்திவிட்டு, எனக்குக் கோபம் வருகிறதா என்று என் முகத்தையே பார்த்தார். பெரியவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டியே வளர்ந்த ஒருவரிடம் இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது.

1 ஜூலை

"அப்பா ஊருக்குப் போயிருக்காக" என்றுதான் இவ்வளவு நாளும் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் அவர், பேருந்து வரும் ஒவ்வொரு முறையும் திண்ணையில் நடுங்கியபடியே காத்திருந்திருக்கிறார். இறந்துவிட்டார் என்ற சொல்லையே சொல்ல வேண்டும் என்றேன். அப்பத்தா வெகுநேரம் அழுதார், பிறகு ஒப்புக்கொண்டார்.

8 ஜூலை

என் விரலசைவைக் கண்ணால் தொடர்வது அவருக்கு ஒத்துவராததால், புறங்கைகளில் மாறி மாறித் தட்டினேன். படங்களை ஒவ்வொன்றாக வைத்து, முதல், நடு, முடிவு என்று அப்பத்தா கதையாகச் சொன்னார்: "பஸ்ஸு கவுந்துச்சு. அப்பா செத்துப்போயிட்டாக. நீ வீட்டுக்கு வந்துட்ட ஆத்தா." இருபது நிமிடத்தில் இரண்டு முறை கை உயர்ந்தது, இரண்டு முறையும் நிறுத்தினேன். கடைசியில் குழியிலிருந்த சோழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்துக் குழிக்கு மாற்றினார். ஏழு மிஞ்சின. அவற்றைத் தொட வேண்டாம் என்று என்னிடம் சொன்னார்.