மெத்தனால் இருக்கிறதா?

ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் பாஸ்போ ஸ்டாட்5 வேலைக்கு, அதாவது செல்லுக்குள் சேதி கடத்தும் ஸ்டாட்5 என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவியில் ஒவ்வொரு செல்லாகப் பார்க்கும் வேலைக்கு, வந்ததும் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி ஆன்டிபாடி நல்லதுக்கா?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, ஃப்ரீசரில் மெத்தனால் இருக்கிறதா என்று.

ஐஎல்-2 என்ற சைட்டோகைன் (செல்களுக்கிடையே சேதி சொல்லும் புரதம்) பட்ட சில நிமிடங்களிலேயே, நோயெதிர்ப்பு வேலை செய்யும் டி செல்லுக்குள் ஜாக் நொதிகள் ஸ்டாட்5இன் 694ஆம் டைரோசினில் ஒரு பாஸ்பேட்டை ஏற்றிவிடும். ஒளிரும் சாயம் ஒட்டிய நம் ஆன்டிபாடி தேடுவது அந்த ஒரே இடத்தைத்தான். ஆனால் பாஸ்பேட் ஏறிய இரண்டு ஸ்டாட்5 ஜோடி சேரும்போது, ஒன்றின் பாஸ்போடைரோசினை மற்றதின் எஸ்ஹெச்2 பகுதி கவ்விக்கொள்கிறது, ஆன்டிபாடி உட்கார வேண்டிய இடம் உள்ளே போய்விடுகிறது. செல்லை அந்த நிலையிலேயே நிறுத்தப் போடும் ஃபார்மால்டிஹைடு அதை அப்படியே பூட்டியும் வைக்கிறது. சைட்டோகைன் பார்க்கப் போடும் சப்போனின் சவ்வில் ஓட்டை போடும், அவ்வளவுதான், இந்தப் பிடியை அவிழ்க்காது. 90 சதவீதக் குளிர்ந்த மெத்தனால்தான் புரதத்தின் நீரை இழுத்து, மடிப்பைக் கலைத்து, அந்த இடத்தை வெளியே கொண்டுவருகிறது.

இதில் தொந்தரவும் உண்டு. பிஇ, ஏபிசி சாயங்கள் புரதங்கள் என்பதால் மெத்தனால் பட்டால் ஒளி போய்விடும், அவற்றைப் பிறகுதான் போட வேண்டும். செல்லின் வகையைக் காட்டும் சில மேற்பரப்பு மார்க்கர்களைப் பிடிக்கும் ஆன்டிபாடி குளோன்கள் மெத்தனாலுக்கு அப்புறம் ஒட்டவே ஒட்டாது. அதனால் ஒவ்வொரு குளோனையும் தனியாகச் சோதித்துவிட்டுத்தான் பேனல் (ஒரே ட்யூபில் சேர்த்துப் போடும் ஆன்டிபாடிகளின் தொகுப்பு) போட வேண்டும்.

சரியாக அமைந்துவிட்டால் பார்க்கவே ஆசையாக இருக்கும். ஐஎல்-2வை மிகக் குறைவாகக் கொடுங்கள்: ஐஎல்-2வைப் பிடிக்கும் சிடி25 ஏற்பியை நிறைய வைத்திருக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் மட்டும் வரைபடத்தில் வலப்பக்கம், அதாவது சிக்னல் கூடும் பக்கம், நகரும், பக்கத்திலுள்ள, இன்னும் எந்தக் கிருமியையும் எதிர்கொள்ளாத நேயீவ் செல்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். ஒரே ட்யூப், ஒரே ரத்தம். எல்லாச் செல்லையும் கரைத்து ஓட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் இந்த வித்தியாசம் கலந்து காணாமல் போய்விடும்.

ஐஎல்-2 போடாத ட்யூபும், ஜாக்கைத் தடுக்கும் டோஃபாசிடினிப் மருந்தை முன்கூட்டியே கொடுத்து ஐஎல்-2 போட்ட ட்யூபும் பக்கத்தில் இல்லாத எந்த வரைபடத்தையும் நான் நம்புவதில்லை. ஜாக்கைத் தடுத்த பிறகும் சிக்னல் இறங்காவிட்டால் ஆன்டிபாடி வேறு எதையோ பிடிக்கிறது என்று அர்த்தம். ஆன்டிபாடி கம்பெனியின் டேட்டாஷீட்டில் இருக்கும் படம் பெரும்பாலும் ஆய்வகத்தில் வளர்க்கும் ஏதோ ஒரு செல் லைனில் எடுத்ததாக இருக்கும், நோயாளியின் ரத்தத்துக்கு அதை அளவுகோலாக வைக்க முடியாது.

ஓயாமல் பூஞ்சைத் தொற்று வரும் குழந்தைக்கு, ஸ்டாட்5இன் உறவுப் புரதமான ஸ்டாட்1 மிகையாக வேலை செய்கிறதா என்று பார்க்கும்போது இதெல்லாம் இன்னும் முக்கியம். அன்றைக்கே எடுத்த ஆரோக்கியமானவர் ஒருவரின் ரத்தத்தையும் கூடவே ஓட்டி, பாஸ்பேட் ஏறாததையும் சேர்த்த மொத்த ஸ்டாட்1 அளவையும் பார்த்த பிறகுதான் மருத்துவரிடம் எண்ணைச் சொல்வேன்.