மூன்று கை மாறி வந்த 360

2024 பிப்ரவரி 11

இன்று பார்க்கப் போனது 2001-ஆம் வருடத்து ஃபெராரி 360 மொடெனா. சிவப்பு. ஓடியது வெறும் 14,000 கிலோமீட்டர். "ஷோரூமில் இருந்து நேற்று எடுத்த மாதிரி இருக்கு பாருங்க" என்று விற்பவர் மூன்று தடவை சொல்லிவிட்டார். பொய் இல்லை. பெயின்ட் மின்னுகிறது, தோல் இருக்கையில் ஒரு சுருக்கம் கிடையாது, பின்பக்கக் கண்ணாடி வழியாக எஞ்சினின் சிவப்பு மூடி இரண்டும் பளிச்சென்று தெரிகின்றன. அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா என்று கை பரபரத்தது.

சும்மா ஒரு பேச்சுக்குக் குனிந்து டயரைப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். இதில் 2309. அதாவது 2009-இன் 23-ஆவது வாரம். பள்ளமெல்லாம் புதிது போல ஆழமாகத்தான் இருக்கிறது, ஆனால் நகத்தை அழுத்தினால் பதியவில்லை, பக்கெட் மூடியை அழுத்தின மாதிரி இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற ரப்பரே இந்த லட்சணம் என்றால் தெரியாத ரப்பர்? டைமிங் பெல்ட் (பிஸ்டனோடு ஒத்துப்போய் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கிற ரப்பர் பட்டை) கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"ஓடவே இல்லையே சார், எதுக்கு மாத்தணும்?"

டீயைக் குடித்து முடித்துக் கிளம்பிவிட்டேன். அந்த பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு முக்கியமில்லை, வருஷக் கணக்குதான். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்பார்கள். இந்த எஞ்சினில் சிலிண்டருக்கு 5 வால்வு, மொத்தம் 40. பெல்ட் அறுந்தாலோ பல் தாண்டினாலோ பிஸ்டன் மேலே வந்து வால்வை இடிக்கும், அதோடு கதை முடிந்தது. அவ்வளவு அழகான காரை அப்படியே விட்டுவிட்டு வந்தேனே என்று ராத்திரி முழுக்க ஒரு அரிப்பு.

2024 பிப்ரவரி 25

இன்னொரு 360. 2002, சாம்பல் நிறம், 61,000 கிலோமீட்டர், எனக்கு முன்னால் மூன்று உரிமையாளர்கள். பார்த்ததும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஓட்டுநர் இருக்கையின் ஓரம் ஏறி இறங்கித் தேய்ந்து வெளுத்திருக்கிறது, முன்பம்பரின் அடியில் கோடு கோடாகக் கீறல், கதவுக்குப் பக்கத்துப் பொத்தான்களைத் தொட்டால் விரலில் ஒட்டுகிறது. (அந்தக் காலத்தில் பிளாஸ்டிக்கின் மேல் ஒரு மென்பூச்சு பூசுவார்கள், வயசானால் பிசுபிசுத்துவிடும். பல கார்களில் பார்த்ததுதான், துடைத்து எடுக்கலாம்.)

ஒரு அசட்டுத்தனத்தையும் எழுதிவிடுகிறேன். அடிபட்ட இடத்தை மறைக்க எங்காவது பட்டி பார்த்திருக்கிறார்களா (பட்டி மேல் காந்தம் ஒட்டாது) என்று தெரிந்துகொள்ள, பழைய கார் வாங்கப் போகும்போதெல்லாம் கொண்டுபோகிற காந்தத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கதவில் வைத்தேன், விழுந்தது. கூரையில் வைத்தேன், வழுக்கிக்கொண்டு போனது. ஐயையோ, கார் முழுக்கப் பட்டியா என்று நான் முழிக்க, விற்பவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அலுமினியம் சார்" என்றார். 360-க்குச் சட்டமும் அலுமினியம், மேல்தகடும் அலுமினியம். படித்துத் தொலைத்த விஷயம்தான், கையில் காந்தத்தோடு நிற்கும்போது நினைவுக்கு வரவில்லை. அலுமினியத்தில் பெயின்ட்டின் தடிமனை அளக்க அதற்கென்று தனி மீட்டர் வேண்டும்.

அப்புறம் அவர் கோப்பை எடுத்து வந்தார். ஒன்றல்ல, இரண்டு தடித்த கோப்புகள். முதல் உரிமையாளர் எல்லாவற்றையும் தேதிவாரியாகத் துளையிட்டுக் கோர்த்திருக்கிறார். இரண்டாமவர் அவ்வளவு ஒழுங்கில்லை, ஒரு உறையில் பில்களைத் திணித்து வைத்திருக்கிறார், ஆனால் ஒவ்வொரு பில்லின் பின்பக்கத்திலும் பென்சிலில் ஒரு வரி: "சத்தம் போகவில்லை, மறுபடி கேட்க வேண்டும்", "இடது பின்சக்கரம், பார்த்துக்கொள்". இப்போதைய ஆள் எழுதுகிறவர் இல்லை, ரசீது மட்டும் இருக்கிறது. 2003-இலிருந்து ஒரு வருஷம்கூட விடுபடவில்லை. கிளட்ச் ஒரு தடவை, பெல்ட் ஏழு தடவை, கடைசியாக 2022-இல்.

காரைப் பார்த்ததைவிட அந்தக் கோப்பைப் புரட்டினதுதான் அதிக நேரம்.

2024 மார்ச் 3

வாங்குவதற்கு முன் பரிசோதனை. தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன், எஞ்சின் வேலையில் முப்பது வருஷப் பழக்கம் உள்ளவர். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்பது) மட்டும் பார்த்தால் போதுமா அண்ணே என்று கேட்டதற்கு, "கம்ப்ரஷன் நல்லா இருக்கா இல்லையான்னு சொல்லும் தம்பி, எங்க ஒழுகுதுன்னு சொல்லாது" என்றார். அதனால் லீக்-டவுன் சோதனை.

இதை நேரில் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் முறை. ஒவ்வொரு சிலிண்டராகப் பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தி, ஸ்பார்க் பிளக் இருந்த துளை வழியாக அழுத்தக் காற்றை உள்ளே விடுகிறார். எத்தனை சதவீதம் தப்புகிறது என்று மீட்டர் காட்டும். ஆனால் அவர் மீட்டரைப் பார்த்ததைவிடக் காது கொடுத்துக் கேட்டதுதான் அதிகம். சைலன்சர் வாயில் காதை வைக்கிறார்: அங்கே உஸ்ஸென்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. காற்று உள்ளே போகிற பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அங்கே கேட்டால் பிஸ்டன் ரிங். கூலன்ட் தொட்டியில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். எட்டுக்கும் இதே சடங்கு. ஏழு சிலிண்டரில் 4-லிருந்து 6 சதவீதம், ஒன்றில் 9. அந்த ஒன்றில் மட்டும் எழுந்து வந்து என்னையும் குனியச் சொன்னார். ஆயில் மூடிப் பக்கம் லேசாக, தூக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். "ரிங். பயப்பட ஒண்ணுமில்ல, அடுத்த வருஷம் மறுபடி பாருங்க, ஏறுதான்னு."

கீழே படுத்துப் பார்த்ததில் கியர்பாக்ஸ் ஓரம் ஈரம், ஒழுக்கு இல்லை, கசிவு. விலையைக் கொஞ்சம் குறைக்க அது உதவியது.

2024 மார்ச் 9

வாங்கியாச்சு. விலையில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், முதல் வருஷப் பராமரிப்புக்கு. அதைத் தொடமாட்டேன் என்று வீட்டில் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், எவ்வளவு நாள் தாங்கும் என்று தெரியவில்லை.

2024 மார்ச் 10

காலையில் எடுத்தேன். திறந்த உலோகச் சட்டத்துக்குள் குச்சியை நகர்த்துகிற ஆறு கியர். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இழுத்தால் போகவே மாட்டேன் என்கிறது. நெஞ்சே நின்றுவிட்டது, முதல் நாளே கியர்பாக்ஸா என்று. பிறகு இரண்டாவது உரிமையாளரின் பென்சில் ஞாபகம் வந்தது, நேற்று ராத்திரிதான் படித்திருந்தேன்: "குளிர்ந்திருக்கும்போது 2 வேண்டாம். 1-லிருந்து 3." அப்படியே செய்தேன். கால் மணி நேரம் கழித்து, கியர் ஆயில் சூடானதும், இரண்டாவது கியர் டிக்கென்று ஒரு உலோகச் சத்தத்தோடு விழுந்தது. யாரென்றே தெரியாத ஒருத்தர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது.

எஞ்சின் சூடாகும் வரை மெதுவாகத்தான். அதன்பிறகு ஒரே ஒரு தடவை நிமிஷத்துக்கு 8,000 சுற்று வரை போனேன். இந்த V8-இன் கிராங்க் (பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுகிற தண்டு) தட்டையானது, 180 டிகிரி, இரண்டு பக்கமும் மாறி மாறிச் சீராக வெடிக்கும். அதனால் வழக்கமான V8 மாதிரி குமுறாது, கத்தும். 400 குதிரைசக்தி என்பதெல்லாம் இரண்டாம் பட்சம், நான் காசு கொடுத்தது அந்தக் கத்தலுக்குத்தான்.

அகலம் 1.92 மீட்டர் என்று படிப்பது வேறு, கேட்டுக்குள் நுழைப்பது வேறு. கண்ணாடியை மடக்கி, மூச்சையும் பிடித்துக்கொண்டு நுழைத்தேன், மூச்சைப் பிடித்ததால் என்ன ஆகப்போகிறதோ.

2024 மார்ச் 31

பெல்ட் 2022-இல்தான் மாற்றியது, இன்னும் ஒரு வருஷம் தள்ளலாம் என்பது என் கணக்கு. மெக்கானிக் அண்ணன் கேட்கவில்லை. "பேப்பர்ல இருக்கறதைப் பேப்பர் சொல்லும், உள்ள இருக்கறதைத் திறந்தாத்தான் தெரியும்." சரி, திறங்கள் என்றேன்.

இதற்கு முந்தைய 355-இல் பெல்ட் மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். 360-இல் அந்தத் தண்டனை இல்லை. இருக்கைகளைக் கழற்றிவிட்டு, அதற்குப் பின்னால் இருக்கிற தகட்டை எடுத்தால் எஞ்சினின் முன்முகம் நேராகத் தெரிகிறது. (அடுத்து வந்த F430-இல் பெல்ட்டே இல்லை, செயின்.) இருக்கை இல்லாத காருக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெல்ட் இரண்டையும் கழற்றிப் பின்பக்கமாக வளைத்துக் காட்டினார். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு வெடிப்பும் இல்லை. பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்று வாயைத் திறந்தேன். அவர் பதில் பேசாமல், பெல்ட்டைத் தளராமல் இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் பேரிங் ஒன்றை என் கையில் கொடுத்து, சுற்றிப் பாருங்கள் என்றார். விரலால் ஒரு சுண்டு சுண்டினேன். கரகரவென்று, மணல் போட்டு அரைக்கிற மாதிரி சுற்றி, பாதியிலேயே நின்றது. புதியதைச் சுண்டினால் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது.

பெல்ட்டை மாற்றியவர்கள் பேரிங்கை மாற்றவில்லை. வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்து 2022 பில்லை மறுபடி படித்தேன். "டைமிங் பெல்ட் 2" என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. அதற்கு முந்தைய பில்களிலெல்லாம் பெல்ட்டுக்கு அடுத்த வரியிலேயே பேரிங் இருக்கிறது. இதில் இல்லை. நான் அந்தக் கோப்பை எத்தனை தடவை புரட்டியிருப்பேன்! இருப்பதைத்தான் படித்தேன், இல்லாத வரியைப் படிக்கத் தோன்றவில்லை. அந்தப் பேரிங் இறுகியிருந்தால் புது பெல்ட்டையும் பல் தாண்ட வைத்திருக்கும். அந்த ஒர்க்‌ஷாப்பைப் பற்றிக் கெட்ட வார்த்தையில் ஒரு பத்தி எழுதி, அழித்துவிட்டேன்.

தனியாக வைத்த பணத்தில் பாதி காலி.

2024 ஏப்ரல் 20

இன்று செய்தது முழுக்க என் தப்பு. காலையில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமலேயே டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கிற குச்சியை, எடுத்துப் பார்த்தேன், எல்லாக் காரிலும் அப்படித்தானே பார்ப்போம். அளவு ரொம்பக் கீழே இருந்தது. பதறிப்போய் ஒரு லிட்டர் ஊற்றினேன். மறுபடி பார்த்தால் இன்னும் குறைவு, இன்னொரு அரை லிட்டர் ஊற்றினேன்.

ஸ்டார்ட் செய்தேன். பத்து நிமிஷத்தில் பின்னால் நீலப் புகை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "எரியுதா?" என்று கேட்கும் அளவுக்கு.

இது டிரை சம்ப் எஞ்சின். ஆயில் எஞ்சினுக்கு அடியில் இருக்காது, தனித் தொட்டியில் இருக்கும். வண்டி நின்றிருக்கும்போது தொட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினுக்குள் இறங்கிவிடும், அதனால் டிப்ஸ்டிக் குறைவாகக் காட்டும். எஞ்சின் நன்றாகச் சூடாகி, ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். நான் ஊற்றிய அதிகப்படி ஆயில் மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஏறி, அங்கிருந்து எஞ்சினுக்குள் போய் எரிந்திருக்கிறது. கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது. கையேடு டேஷ்போர்டுக்குள் இருக்கிறது.

அண்ணனுக்கு போன் பண்ணிச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை, சிரிக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது.

2024 ஏப்ரல் 27

குழாய் விட்டு அதிகப்படி ஆயிலை உறிஞ்சி எடுத்தோம். ஃபில்டர் பெட்டியின் அடியில் ஒரு டம்ளர் ஆயில் தேங்கியிருந்தது, துடைத்துத் துடைத்து இரண்டு பனியன் போனது. புது ஃபில்டர். ஓட்டிப் பார்த்தோம், புகை இல்லை. புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் தப்பித்தது.

2024 ஜூன் 16

மூன்று வாரம் எடுக்காமல் விட்டதில் பேட்டரி செத்துவிட்டது. அலாரம் சும்மா இருந்தே குடித்துவிடுகிறது. இனி நிறுத்தும்போதெல்லாம் சார்ஜரில்தான். பேட்டரியைக் கழற்றி மாட்டியதால் எஞ்சின் கணினி எல்லாவற்றையும் மறந்திருக்கும், ஆக்சிலேட்டரைத் தொடாமல் பத்து நிமிஷம் ஐட்லிங்கில் விட்டேன், தானாகக் கற்றுக்கொண்டது. பிரேக் ஆயிலும் மாற்றியாச்சு, அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும், இரண்டு வருஷத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

பொத்தான்களைப் பஞ்சும் ஆல்கஹாலுமாகத் துடைத்தேன். ஒரு ஞாயிறு முழுக்க. விரல் ஒட்டவில்லை, ஆனால் பாதி எழுத்துகள் கூடவே போய்விட்டன. எது எந்தக் கண்ணாடிக்கு என்று இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

2024 ஆகஸ்ட் 4

மூன்றாவது கோப்பு ஆரம்பித்தேன். லீக்-டவுன் எண்கள் எட்டும், பக்கத்தில் அந்த 9-க்கு ஒரு வட்டம். பெல்ட் 2, டென்ஷனர் பேரிங் 2, தனித்தனி வரியில். 2022 பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் "பேரிங் அப்போது மாற்றவில்லை" என்று எழுதினேன்.

ஏப்ரல் 20-க்கு வந்ததும் பேனா நின்றது. எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, எழுதினால் விற்கும்போது வாங்குகிறவன் அதைக் காட்டியே விலையைக் குறைப்பான், நானும் மார்ச்சில் அந்தக் கசிவைக் காட்டிக் குறைத்தவன்தானே. கொஞ்ச நேரம் புகைப்படங்களை ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் எழுதினேன்: "ஒன்றரை லிட்டர் ஆயில் அதிகம் ஊற்றிவிட்டேன். புகை. சரி செய்தாயிற்று. சூடாக, ஓடும்போதுதான் அளவு பார்க்கவும்." கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

இப்போது 63,480. சாயங்காலம் வெயில் இறங்கினதும் எடுக்கணும், முதல் கால் மணி நேரம் 1-லிருந்து 3.