ஆய்வகத்திலிருந்து தார்க்கலவை ஆலை வரை

பிளாஸ்டிக் கலந்த தார்ச்சாலையைப் பற்றி என்னிடம் பேசுகிறவர்கள் முதலில் கேட்பது, "உண்மையிலேயே அது தாங்குமா?" என்பதுதான். ஊரகச் சாலைப் பணிகளில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அதற்கான விடை பல ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. இன்றுவரை மனத்தை விட்டு அகலாமல் இருப்பது வேறொரு கேள்வி. தாங்கும் என்று தெரிந்த பிறகும் ஒரு சாதாரண ஊராட்சிச் சாலைக்கு அந்த முறை வந்து சேர ஏன் இத்தனை காலம் ஆயிற்று? வந்து சேர்ந்த இடங்களில் அதைக் கொண்டுவந்தது எது?

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த இராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறை அது. 2002இல் கல்லூரி வளாகத்திலேயே ஒரு சிறிய சாலையைப் போட்டுப் பார்த்தார்கள். 2006இல் காப்புரிமை கிடைத்தது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. செய்முறையைச் சொல்வது எளிது. பால் உறை, கைப்பை போன்ற மெல்லிய பிளாஸ்டிக் கழிவைச் சுத்தம் செய்து, ஏறத்தாழ இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குத் துண்டாக்குகிறார்கள். சுமார் 165 டிகிரி வரை சூடாக்கிய ஜல்லியின் மேல் அதைத் தூவினால், அரை நிமிடத்திற்குள் உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகே தாரைச் சேர்க்கிறார்கள்.

இந்தப் படலம் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, நம் சாலைகள் எப்படிச் சாகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். தார் பூசிய கல்லுக்கும் தாருக்கும் நடுவே மழைநீர் புகுந்துவிட்டால், தாரைவிட நீரையே அதிகம் விரும்பும் கல் தாரை உதறிவிடுகிறது. ஒரு கல் பெயர்ந்தால் பக்கத்துக் கல்லுக்குப் பிடிமானம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் கையகலப் பள்ளம் ஆளை விழுத்தாட்டும் குழியாகிவிடுகிறது. பிளாஸ்டிக் படலம் கல்லின் நுண்துளைகளை அடைப்பதால் நீர் புக வழி குறைகிறது; தாரும் அந்தப் படலத்தோடு நன்றாகப் பிணைகிறது. பூச்சிட்ட கல்லைத் தாரில் புரட்டித் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்த பிறகும் தார் உரியாமல் இருந்ததை நானே ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். பூச்சில்லாத கல் அப்படி நிற்கவில்லை.

இந்த ஆய்வு நடைமுறைக்கு வந்ததற்கு முதற் காரணம், அது ஏற்கெனவே இருந்த தார்க்கலவை ஆலைக்குள் நுழைய முடிந்ததுதான் என்று நினைக்கிறேன். பிளாஸ்டிக்கைத் தாரோடு நேரடியாகக் கலக்கும் ஈர முறைக்குத் தனிக் கலன் வேண்டும், இடைவிடாமல் கலக்கிக்கொண்டே இருக்கும் இயந்திரம் வேண்டும், கலவை பிரியாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரு கிராமச் சாலை ஒப்பந்ததாரர் இதற்கெல்லாம் முதலீடு செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது. வாசுதேவனுடையது உலர் முறை; அதில் சிறிய ஆலையில் ஜல்லி சூடான பின், தார் தெளிப்பதற்கு முன், பிளாஸ்டிக்கைத் தூவினால் போதும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜல்லி காய்வதும் தார் கலப்பதும் ஒரே உருளைக்குள் தொடர்ந்து நடக்கும் பெரிய ஆலைகளில், பிளாஸ்டிக்கைக் காற்றழுத்தக் குழாய் வழியாக உருளையின் நடுப்பகுதியில் செலுத்த வேண்டும். சுடர் இருக்கும் முனைக்கு அருகே விட்டால் அது கல்லில் ஒட்டுவதற்கு முன்பே எரிந்து போகும்.

சாலை ஆய்வுகளில் இரண்டு வகை உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்னும் ஊரருகே 1958 முதல் 1960 வரை லாரிகளை மீண்டும் மீண்டும் ஓட்டிச் செய்த சோதனையிலிருந்து, வண்டியின் ஓர் அச்சு தாங்கும் சுமை இரு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும் என்ற முடிவு கிடைத்தது. அது ஒரு கணக்கு என்பதால் காகிதத்தின் வழியாகவே உலகெங்கும் பரவிவிட்டது. ஒட்டாவா எங்கே இருக்கிறது என்று தெரியாமலேயே நாங்களும் 8.16 டன் அச்சுச் சுமையை அடிப்படையாக வைத்துச் சாலையின் கனத்தைக் கணக்கிட்டோம். பிளாஸ்டிக் பூச்சு அப்படிப்பட்டதன்று. அது சூட்டிலும் கையிலும் நேரத்திலும் இருக்கிறது. ஒருவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் அதைச் சரியாகச் செய்ய முடியும். இந்த வேறுபாட்டை நாங்கள் தொடக்கத்தில் உணரவில்லை. சுற்றறிக்கை அனுப்பினால் வேலை நடந்துவிடும் என்று நம்பினோம்.

சுற்றறிக்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் அரசு ஏற்கும் விலையைச் சொல்லும் விலை விகிதப் பட்டியலில் ஒரு வரி இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கண்டுபிடிப்பும் மதிப்பீட்டுக்குள் வராது. மதிப்பீட்டில் இல்லாததை, முடித்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தில் எழுத முடியாது. எழுதினால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும். ஆகவே துணிந்து முயல நினைத்த இளம் பொறியாளர்களும் தயங்கினார்கள், அந்தத் தயக்கத்தை நான் குறையாகப் பார்க்கவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது கையில் பிடித்துக்கொள்ள ஓர் ஆவணம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சென்னை ஜம்புலிங்கம் தெரு, மதுரை வண்டியூர் சாலை போன்ற, 2002க்கும் 2006க்கும் இடையே போடப்பட்ட பிளாஸ்டிக் சாலைகளை அளந்து பார்த்து, அவை சில ஆண்டுகள் ஓடிய பின்பும் குழி விழாமல் இருப்பதாக அறிக்கை வெளியிட்டது. சுமையேற்றிய லாரியை நிறுத்திச் சாலை எவ்வளவு அமுங்கி மீள்கிறது என்று பார்த்த அளவீடு அதில் இருந்தது. சக்கரம் வழுக்குமா, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கிறதா என்பனவும் அளக்கப்பட்டிருந்தன. எங்களைப் போன்றவர்களுக்குப் புரியும் மொழி அதுதான். பிறகு 2013இல், நெடுஞ்சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் உலர் முறைக்கான வழிகாட்டு நெறியை வெளியிட்டு, தாரின் எடையில் 6 முதல் 8 விழுக்காடு பிளாஸ்டிக் என்று வரையறுத்தது. 2015இல், ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் உள்ள தேசிய நெடுஞ்சாலைப் பணிகளில் இதைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு அறிவுறுத்தியது. வளாகச் சாலையிலிருந்து வழிகாட்டு நெறி வரை பதினோர் ஆண்டுகள்.

ஆவணம் வந்த பிறகு எங்களை மடக்கியது பிளாஸ்டிக்கேதான். தெருவெங்கும் கிடக்கும் பொருள் கிடைப்பதில் என்ன சிரமம் என்று தோன்றும். 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டன் தார் என்று வைத்துக்கொண்டால் 600 முதல் 800 கிலோ துண்டுகள் வேண்டும். அதுவும் காய்ந்ததாக, மண் இல்லாததாக, ஒரே அளவினதாக, சாலை போடும் அன்று காலையில் ஆலையில் இருக்க வேண்டும். பிவிசி குழாய்த் துண்டும் பழைய விளம்பரத் தட்டியும் அதில் கலந்துவிடக் கூடாது. அவை சூட்டில் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியை வெளிவிடும், ஆலையில் நிற்பவர்தான் அதைச் சுவாசிக்க வேண்டும். நான் பார்த்த ஒரு பணியில் மகளிர் சுய உதவிக் குழுவினர் வீடு வீடாகச் சேகரித்துத் துண்டாக்கிக் கொடுத்தார்கள். மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டுப் பார்த்து, ஈரமான மூட்டையைத் தனியே ஒதுக்கிய பெண்மணி ஒருவரை நினைவிருக்கிறது. எந்தப் பயிற்சிக் கூட்டத்திலும் அவருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. ஈரத் துண்டுகள் விழுந்தால் ஜல்லியின் சூடு இறங்கிவிடும் என்று ஆலை இயக்குநர் சொன்னதைக் கேட்டுத் தாமே புரிந்துகொண்டார். அவருக்கு உரிய பணம் பல வாரங்கள் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு அந்தக் குழு இந்த வேலைக்கு வரவில்லை. வேறிடத்திலிருந்து வாங்கிய மூட்டைகளில் பாதியைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஓர் ஆய்வு முடிவு ஒரு வட்டாரத்தில் நின்று போனதை நான் கண்ணால் கண்டேன். வேதியியலில் எந்தப் பிழையும் இல்லை, அந்தக் குழுவுக்கு உரிய பணம் வேளைக்கு வராததுதான் காரணம்.

ஆலை இயக்குநரையும் சொல்லியாக வேண்டும். வெப்பமானி இருந்தாலும், உருளையிலிருந்து விழும் ஜல்லியின் நிறத்தையும் புகையையும் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடும் அனுபவம் அவர்களுக்கு உண்டு. ஆனால் அந்த அனுபவம் வெறும் ஜல்லிக்கானது. பிளாஸ்டிக் விழுந்ததும் கல் எண்ணெய் தடவியது போல் மினுங்க வேண்டும். கட்டி கட்டியாகத் தெரிந்தால் சூடு போதவில்லை, கரிந்த நெடி அடித்தால் சூடு மிஞ்சிவிட்டது. இதை முதல் இரண்டு நாள் கூடவே நின்று காட்டிய இடங்களில் சாலை நன்றாக வந்தது. நெறிமுறைப் புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்த இடங்களில், துண்டுகளைத் தாரோடு சேர்த்தே கொட்டிவிட்டார்கள். மேலே பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புத்தான்.

அதனால்தான் எந்தச் சாலையில் எந்த நாள் எவ்வளவு பிளாஸ்டிக், என்ன சூட்டில் சேர்க்கப்பட்டது என்ற பதிவு அந்தச் சாலை இருக்கும் வரை இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். ஐந்து ஆண்டுகளில் ஒரு சாலை பெயர்ந்தால், முறை தோற்றதா, முறையைப் பின்பற்றாதது தோற்றதா என்று அந்தப் பதிவில்லாமல் சொல்ல முடியாது. ஆய்வகத்துக்குத் திரும்பிப் போக வேண்டிய செய்தியும் போகாது. பணிக்காலத்தில் நான் மேற்பார்த்த சாலைகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் இவற்றை எழுதி வைத்திருந்தேன். சென்ற மாதம் அவற்றுள் ஒன்றில் நடந்து பார்த்தேன். ஓரத்தில் வடிகால் இல்லாத இடத்தில் விளிம்பு உடைந்திருந்தது. நடுப்பரப்பில் கல் பெயரவில்லை. இரண்டையும் அதே பக்கத்தில், தேதியிட்டு எழுதிக்கொண்டு, நோட்டைப் படியெடுத்து இப்போது அந்த ஒன்றியத்தைப் பார்க்கும் இளம் பொறியாளரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.