பலகாரப் பெட்டிக்கு ஆப் தேடிய கதை

கோவில்பட்டி கடலைமிட்டாய், சாத்தூர் காராச்சேவு, தூத்துக்குடி மக்ரூன், மணப்பாறை முறுக்கு என்று ஒன்பது பலகாரங்களை ஆன்லைனில் விற்கிறேன். கடை ஷாப்பிஃபை என்கிற, ஆன்லைன் கடை நடத்துவதற்கான தளத்தில் ஓடுகிறது. ஒரே பலகாரத்தை வாங்குகிறவர்களைவிட, "நாலும் கலந்து ஒரு பெட்டி போட்டுத் தருவீங்களா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறவர்கள்தான் அதிகம். 2024 தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு, சரி, இதைக் கடையிலேயே போட்டுவிடுவோம் என்று இறங்கினேன்.

ஷாப்பிஃபையின் ஆப் ஸ்டோரில் 'பண்டில்', அதாவது பல பொருள்களைச் சேர்த்து ஒன்றாக விற்பது, என்று தேடினால் வரிசைகட்டி வந்து நின்றன. நான் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எதன் பக்கம் பார்க்க அழகாக இருந்ததோ அதை எடுத்தேன். நான்கு படங்கள் வந்து ஒரு பெட்டிக்குள் விழும், விலை அடிபட்டுப் புது விலை பச்சையில் வரும். வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அந்த ஆப் பெட்டியைத் தனி ஒரு பொருளாக உருவாக்கும். அதற்கென்று தனி ஸ்டாக் எண். உள்ளே இருக்கும் நான்கு பலகாரங்களின் ஸ்டாக்கோடு அதை அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ளும். அந்த 'அவ்வப்போது'தான் காலை வாரியது. தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது மக்ரூன் தீர்ந்துபோனது. மக்ரூன் பக்கத்தில் 'ஸ்டாக் இல்லை' என்று சரியாகவே காட்டியது. பெட்டி மட்டும் விற்றுக்கொண்டே இருந்தது. நான் கவனித்தபோது 23 பெட்டி கூடுதலாகப் போயிருந்தது. அவசரத்துக்கு வரவழைக்கலாம் என்றால் வெளியே ஐப்பசி மழை. முட்டை வெள்ளைக்கருவையும் சீனியையும் முந்திரியையும் அடித்துச் செய்கிற பண்டம். ஈரக்காற்று பட்டால் நமத்துப்போகும், அவசரப்படுத்தாதீர்கள் என்று தூத்துக்குடிக்காரர் சொல்லிவிட்டார். 23 பேருக்கும் போன் போட்டேன். பாதிப் பேர் மக்ரூனுக்குப் பதில் சேவு வாங்கிக்கொண்டார்கள். மீதிப் பேருக்குப் பணத்தைத் திருப்பினேன்.

பேக்கிங் மேசையிலும் இதே கூத்து. எங்களிடம் பேக்கிங் பார்க்கிற அக்கா, பிரிண்ட் எடுத்த சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, பலகாரப் பெட்டி ஒண்ணுன்னு மட்டும் போட்டிருக்கு. உள்ள எது எதுன்னு நான் எங்க போய்ப் பாக்க?" அவர் கேட்டது நியாயம். கடைசியில் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். கம்ப்யூட்டர் வைத்து வியாபாரம் பண்ணுகிற இடத்தில் சுவரில் மார்க்கர் பேனாவால் எழுதிய அட்டை!

தீபாவளி முடிந்து கணக்கு கொண்டுபோனபோது ஆடிட்டர் பில்லைப் பார்த்துவிட்டு, "ஒரே விலையா போட்டிருக்கீங்க?" என்றார். ஜிஎஸ்டி சட்டத்தில் 'கலப்பு வழங்கல்' என்று ஒன்று இருக்கிறதாம். வெவ்வேறு பொருள்களைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால், அதில் எதற்கு வரி அதிகமோ அந்த வரி மொத்தப் பெட்டிக்கும் விழும். சட்டம் காட்டுகிற உதாரணமே இனிப்பு, சாக்லேட், கேக், உலர்பழம் எல்லாம் சேர்த்துப் போட்ட பொட்டலம்தான். அப்போது கடலைமிட்டாய்க்கு 5 சதவீதம், பாக்கெட் போட்ட சேவுக்கும் முறுக்குக்கும் 12, மக்ரூன் பேக்கரிக் கணக்கில் 18. தனித்தனியாக 560 ரூபாய் வரும் பெட்டியை 499க்கு விற்றேன். மொத்தத்துக்கும் 18 போட்டால் வரி 76 ரூபாய். அதே 499ஐ பில்லில் நான்கு பலகாரங்களுக்கும் தனித்தனியாகப் பிரித்து, அதனதன் வரியைப் போட்டால் 54 ரூபாய்கூட இல்லை. ஒரு பெட்டிக்கு 22 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்! பெட்டியில் எனக்கு நிற்கிற லாபம் தெரிந்தவர்களுக்கு இந்த 22 ரூபாயின் கனம் புரியும்.

அதன் பிறகுதான் ஒழுங்காகத் தேட ஆரம்பித்தேன். இந்தத் தடவை கடைப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. ஆர்டர் விழுந்த பிறகு உள்ளே என்ன பதிவாகிறது, சீட்டில் என்ன அச்சாகிறது என்று மட்டும் பார்த்தேன். தோண்டத் தோண்ட, பெயர் எத்தனை இருந்தாலும் ஆப்கள் மூன்றே ரகம்தான் என்று தெரிந்தது. பெட்டியைத் தனிப் பொருளாக்குவது ஒன்று, அதில்தான் சூடுபட்டேன். இரண்டாவது, நான்கு பலகாரங்களையும் தனித்தனியாகக் கார்ட்டில் போட்டுத் தள்ளுபடியைக் கழிப்பது. ஸ்டாக் சரியாக இருக்கும், ஆனால் வாங்குகிறவருக்குப் பெட்டி என்ற உணர்வே வராது. மூன்றாவது ரகத்தில் வாங்குகிறவர் கண்ணுக்கு ஒரு பெட்டி, ஆர்டருக்குள் நான்கு பலகாரமும் தனித்தனி வரிசையில். தனி ஸ்டாக் கிடையாது. நான்கில் எது குறைவாக இருக்கிறதோ அத்தனை பெட்டிதான் விற்கும். எனக்கு வேண்டியது இது.

2025 பொங்கலுக்கு முன் மூன்றாவது ரகத்தில் நான்கு ஆப்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பரீட்சை. மக்ரூன் ஸ்டாக்கை 1 என்று வைத்துவிட்டு, என் போனிலும் மனைவி போனிலும் ஒரே நேரத்தில் பெட்டி வாங்கினோம். ஒரு ஆப் தோற்றது, இரண்டு ஆர்டரையும் ஏற்றுக்கொண்டது. அப்புறம் 15 சதவீதக் கூப்பன். இன்னொரு ஆப்பில் பெட்டித் தள்ளுபடிக்கு மேல் கூப்பனும் ஏறி 499 ரூபாய்ப் பெட்டி 424க்கு வந்து நின்றது. நிஜ ஆர்டராக இருந்திருந்தால் கைக்காசு.

எடையைச் சோதிக்க எனக்கு முதலில் தோன்றவில்லை. பழைய ஆப்பில் பெட்டிக்குத் தனி எடை போட வேண்டும், நான் போடவில்லை. எடை பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, அரைக் கிலோ கட்டணத்தைத்தான் வாடிக்கையாளரிடம் வாங்கியிருக்கிறது. எங்கள் பெட்டி 30 செ.மீ. நீளம், 22 அகலம், 12 உயரம். கூரியர்காரர்கள் அடைக்கிற இடத்தையும் எடையாகக் கணக்கிடுவார்கள்: மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுத்தால் 1.58 கிலோ. தராசில் 1.1 கிலோதான், ஆனால் கூரியர்காரர் எது அதிகமோ அதைத்தானே எடுப்பார்? கட்டணம் அரைக் கிலோ அரைக் கிலோவாக ஏறுவதால் அது 2 கிலோ. ஆகவே ஆப் நான்கு பலகாரங்களின் எடையைக் கூட்டிக்கொடுத்தால் மட்டும் போதாது, அட்டைப்பெட்டி அடைக்கிற இடத்தையும் நாமே சேர்த்து வைக்க வேண்டும். மக்ரூனுக்குச் சுற்றிலும் காகிதத் துணுக்கு திணிக்காவிட்டால் போய்ச் சேரும்போது மாவாகிவிடும். பெட்டியைச் சின்னதாக்கவும் வழியில்லை.

மாவாகிப் போன மக்ரூன்தான் கடைசிப் பரீட்சை. பெட்டியில் ஒன்று மட்டும் கெட்டுப்போனால் அதற்கு மட்டும் பணம் திருப்ப முடியுமா? பழைய ஆப்பில் முழுப் பெட்டிக்குத் திருப்பலாம், இல்லாவிட்டால் மனசுக்குப் பட்ட தொகையைப் போடலாம். மூன்றாவது ரகத்தில் 499 ரூபாய் விலைவாரியாகப் பிரிந்து கிடக்கிறது: கடலைமிட்டாய் 106.93, சேவு 160.39, மக்ரூன் 142.57, முறுக்கு 89.11. மக்ரூன் போனால் 142 ரூபாய் 57 காசு. வாடிக்கையாளரிடம் பேரம் பேச வேண்டியதில்லை.

கடைசியில் எடுத்தது ஒன்றல்ல, இரண்டு. உள்ளே என்ன என்று நாங்களே முடிவு செய்த பெட்டிகளுக்கு ஷாப்பிஃபையின் சொந்த இலவச ஆப்பான ஷாப்பிஃபை பண்டில்ஸ். 'ஒன்பதில் நீங்களே நாலு எடுங்கள்' பெட்டிக்கு அது ஆகாது. ஒவ்வொரு சேர்க்கையையும் ஒரே பொருளின் வேரியன்ட்டாக, அதாவது ஒரு சட்டைக்குப் பல அளவு போல, போடலாமா என்று கணக்குப் போட்டேன். ஒன்பதில் நான்கு வெவ்வேறாக எடுத்தால் 126 சேர்க்கை. அன்றைக்கு ஒரு பொருளுக்கு 100 வேரியன்ட்தான் அனுமதி. அதனால் அந்தப் பெட்டிக்கு மட்டும் காசு கட்டும் ஆப் ஒன்று, மாதா மாதம் டாலரில். தீபாவளி, பொங்கல், கல்யாண சீசன் தவிர மற்ற மாதங்களில் அதை நிறுத்திவைக்கிறேன். நீக்கினால் கடையின் தோற்றத்தை அமைக்கும் தீமுக்குள் ஏதாவது மிச்சம் விட்டுப்போகிறதா என்று முதலிலேயே தீமின் நகலில் சோதித்துக்கொண்டேன். பழைய ஆப் விட்டுப்போன துண்டுகளைத் துடைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தது.

2025 செப்டம்பர் 22 முதல் சேவு, முறுக்கு, மக்ரூன் எல்லாமே 5 சதவீதத்துக்கு வந்துவிட்டன. அந்த 22 ரூபாய்ப் பிரச்சினை இன்று எனக்கு இல்லை. சீட்டில் நான்கு பலகாரமும் தனித்தனி வரிசையில் வருவது மட்டும் அப்படியே இருக்கிறது. அக்கா ஒவ்வொரு வரிசைக்கும் சிவப்புப் பேனாவால் டிக் அடித்து, சீட்டை மக்ரூன் டப்பா மேலே மடித்து வைத்து மூடுகிறார். சுவரில் இருந்த அட்டையைக் கிழித்தாயிற்று. பக்கம்தான் பழைய ஆப் அளவுக்கு அழகில்லை என்று வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.