எட்டுப் பக்கம் படிக்க நான்கு நாள்

எம்.எஸ்சி. உளவியல் முதல் செமஸ்டரில் மேடம் கொடுத்த முதல் ஆய்வுக் கட்டுரை, ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் 1959இல் எழுதியது. எட்டுப் பக்கம்தானே என்று ஜெராக்ஸ் எடுத்து ஹாஸ்டலுக்கு வந்தேன். அகராதியும் கையுமாக முதல் வரியிலிருந்து தொடங்கினேன். இரண்டு நாளில் ஒன்றரைப் பக்கம் நகர்ந்தது. ஓரமெல்லாம் தமிழ் அர்த்தம் எழுதியாயிற்று, ஆனால் கட்டுரை என்ன சொல்கிறது என்று கேட்டால் முழிப்பேன்.

பக்கத்து அறை சீனியர் அக்கா பார்த்துவிட்டு, "இதை ஏன்டி கதை மாதிரி முதல்லேர்ந்து படிக்கிற? கடைசியில சுருக்கம் இருக்கு பாரு. அதைப் படிச்சிட்டு நேரா டேபிளுக்குப் போ" என்றார்.

போனேன். ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் சலிப்பான வேலை கொடுத்திருக்கிறார்கள். நூல்கட்டைகளைத் தட்டில் அடுக்கு, கொட்டு, மறுபடி அடுக்கு; அப்புறம் பலகையில் செருகிய 48 முளைகளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பு. பிறகு, அடுத்து அதே வேலையைச் செய்யக் காத்திருப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு பெண்ணிடம் "சுவாரசியமாக இருந்தது" என்று பொய் சொல்ல, சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர். டேபிளில் ஒரே வரியைப் பென்சிலால் வட்டமிட்டேன். வேலை எவ்வளவு பிடித்தது என்று −5 முதல் +5 வரை மதிப்பெண். 1 டாலர்காரர்கள் +1.35, 20 டாலர்காரர்கள் −0.05, பொய்யே சொல்லாதவர்கள் −0.45. குறைவாக வாங்கியவர்களுக்குத்தான் வேலை பிடித்திருக்கிறது! பக்கத்தில் .03 என்றொரு எண். இரு குழுவுக்கும் நிஜத்தில் வித்தியாசமே இல்லையென்றாலும், தற்செயலாக இவ்வளவு தூரம் விலகுவது நூற்றில் மூன்று தடவைதான் நடக்கும் என்று அக்கா விளக்கினார்.

ஏன் என்ற கேள்வியோடு முன்னுரைக்குத் திரும்பினேன். போன தடவை கல்லாக இருந்த பத்திகள் இப்போது பதிலாகப் புரிந்தன. வெறும் ஒரு டாலருக்குப் பொய் சொன்னோமே என்று உறுத்துகிறவன், வேலை அவ்வளவு மோசமில்லை என்று மனத்தை மாற்றிக்கொள்கிறான். 20 டாலர் வாங்கியவனுக்குப் பணமே சமாதானம்.

கடைசியாகத்தான் ஆய்வுமுறை. சலிப்பூட்டும் என்று நினைத்த இடத்தில்தான் நிஜ மனிதர்கள் இருந்தார்கள். 71 பேரில் 60 பேரைத்தான் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். மீதி 11 பேரில் சந்தேகப்பட்டவர்கள் உண்டு, பணமே வேண்டாம் என்று மறுத்தவர்களும் உண்டு. ஒருவர் அந்தப் பெண்ணிடம் ஃபோன் நம்பர் கேட்டிருக்கிறார், பிறகு கூப்பிட்டு விளக்குவதற்காம்!

பங்கேற்ற அத்தனை பேரும் ஆண்கள் என்பதையும் அங்கேதான் கவனித்தேன். ஓரத்தில் "பெண்கள்?" என்று எழுதிவைத்தேன். வகுப்பில் நான் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது.