எந்த ஓடையில் பெய்யும்?

வெள்ள முன்னறிவிப்பு வேலையில் பெரிய ஆறுகள் எனக்கு அவ்வளவு கவலை தந்ததில்லை. மேலே பெய்த மழை கீழே வந்துசேர நாள்கணக்கில் ஆகும். ஆற்று மட்டத்தை அளந்தே கணக்குப் போட்டுவிடலாம். தூக்கத்தைக் கெடுப்பவை சின்ன ஓடைகள். பத்து, இருபது சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு உள்ள செங்குத்தான ஓடையில், கனமழை தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் வெள்ளம் உச்சத்தைத் தொட்டுவிடலாம். மழை விழும்வரை காத்திருந்தால் எச்சரிக்க நேரமே மிஞ்சாது.

வானிலையைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் இப்போதைய வட்டார மாதிரிகள் பல, நிலப்பரப்பை ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஓடுகின்றன. இடிமழை வருமா, எவ்வளவு கொட்டும் என்பதை ஓரளவு காட்டிவிடுகின்றன. இடம்தான் சிக்கல். பத்து கிலோமீட்டர் தள்ளிப் பெய்தால் வானிலைக் கணக்கில் அது நல்ல கணிப்பு. எங்கள் கணக்கில் வேறொரு ஓடையில் வெள்ளம். 20 சதுர கிலோமீட்டரில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 100 கோடி லிட்டர் தண்ணீர். அவ்வளவும் மேட்டுக்கு எந்தப் பக்கம் இறங்கும் என்பதே கேள்வி.

அதனால் ஒற்றைக் கணிப்பை நம்பி எச்சரிக்கை விடுவதை நான் ஏற்பதில்லை. தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி மாதிரியைப் பலமுறை ஓட்டுவார்கள். அந்த மழை ஒவ்வொன்றையும் எங்கள் ஓடைக் கணக்குக்குள் விட்டுப் பார்ப்போம். உதாரணமாக, தனி ஓடைக்கு அந்த மாதிரி ஓட்டங்களில் ஐந்தில் ஒன்றுதான் ஆபத்து காட்டும். பக்கத்து ஓடைகளையும் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட மாதிரி ஓட்டங்களில் ஏதாவது ஒரு ஓடை கரைபுரளக்கூடும். ஆக, எது என்று தெரியாமலே, இந்த வட்டாரத்துக்கு ஆபத்து என்று காலையிலேயே சொல்லலாம். மண் ஏற்கெனவே ஊறியிருந்தால் குறைவான மழையே போதும்; மழைப் படத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கடைசி ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ரேடார்தான் துணை. அதுவும் மழையை நேரடியாக அளப்பதில்லை, தான் அனுப்பும் அலை மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியிலிருந்து கணக்கிடுகிறது. ஆலங்கட்டி கலந்தால் அளவு மிகும், மலை மறைத்தால் குறையும். மழைமானியோடு ஒப்பிடாமல் அந்த எண்ணை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

அப்புறம், களத்திலிருந்து போன் வரும்: "வருமா, வராதா சார்?" நியாயமான கேள்வி. பாதையை அடைப்பவர்களுக்கு சதவீதம் மட்டும் போதாது. எந்த வாய்ப்பளவில் என்ன செய்வது என்று மழைக்காலத்துக்கு முன்பே அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். தடுப்புகளையும் ஆட்களையும் அருகில் கொண்டுவர ஐந்தில் ஒரு வாய்ப்பே போதும். வீடுகளைக் காலி செய்ய இன்னும் உறுதி வேண்டும் என்பார்கள். ஆனால் இரவில், முதியவர்கள் இருக்கும் தெருவில், அந்த உறுதி வரும்வரை காத்திருக்கக் கூடாது என்றே நான் வாதாடுவேன்.