மூடிக்குள் இருந்தது
பெங்களூரு அல்சூரில் பக்கத்து வீட்டு மாமாவின் கம்ப்யூட்டர் போட்ட கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. "ஃபார்மட் பண்ணணும்னு கடையில சொல்றாங்கப்பா" என்றார். அதாவது, டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது.

மூடியைக் கழற்றினேன்.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசு கம்பளி மாதிரி அப்பிக் கிடந்தது. அடியில், அந்தச் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து, நகம் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால் முதலில் வேகத்தைக் குறைக்கும். அப்புறமும் சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். இதற்கு விண்டோஸ் என்ன செய்யும்? திறந்துகூடப் பார்க்காமல் ஃபார்மட் என்பது எனக்குப் பொறுக்கவே இல்லை.

தூசு தட்டி (ஃபேன் சுற்றாமல் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும்), புது பேஸ்ட் வைத்தேன். சரியாகிவிட்டது.

மாமாவின் மகள் கல்யாணப் படங்கள் மொத்தமும் அந்த ஒரே டிஸ்க்கில். சனிக்கிழமை கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு போய், நகல் எடுத்து வைக்க எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குகிறோம்.